புறாமலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக: ஸ்நோர்க்கலிங் கல்விச் சுற்றுலாவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நிலாவெளிக் கடற்கரையில் நின்று பார்த்தால், புறாத்தீவு என்றும் சொல்லப்படும் புறாமலை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர்தான், படகில் பத்துப் பதினைந்து நிமிடம். ஆனால் திருகோணமலையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளிலேயே பலர் அந்தத் தண்ணீருக்குள் ஒருமுறைகூட முகத்தை வைத்துப் பார்த்ததில்லை. கால் நனைப்பார்கள், மணல்வீடு கட்டுவார்கள், வீட்டுக்குப் போய்விடுவார்கள். முருகைக்கல் (பவளப்பாறை) என்பது அவர்களுக்கு விஞ்ஞானப் புத்தகத்தில் உள்ள ஒரு படம்.

தரம் 9 பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் வந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். எல்லாம் மூச்சில் இருக்கிறது என்பதுதான் நான் கற்றுக்கொண்டது. முகத்தை நீருக்குள் வைத்து, ஸ்நோர்க்கல் என்ற மூச்சுக்குழாய் வழியாகப் பதறாமல் மூச்சுவிடப் பழகிய பிள்ளைக்கு ஆபத்து குறைவு. அந்தப் பிள்ளையால் முருகைக்கல்லுக்கு வரும் சேதமும் குறைவு. பதறுகிற பிள்ளை முதலில் செய்வது காலை ஊன்றுவது. ஊன்றும் இடத்தில் இருப்பது உயிருள்ள முருகைக்கல். ஆகவே இந்தப் பயணத்தில் பாதி வேலை, படகு ஏறுவதற்கு மூன்று கிழமைக்கு முன்பே பள்ளிக்கூடத்தில் முடிந்திருக்க வேண்டும்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக: புறாத்தீவு 1963இல் சரணாலயமானது, 2003இல் தேசியப் பூங்காவானது. சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 471 ஹெக்டயர். வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. தெற்கே ஹிக்கடுவையைப் போல இதுவும் கடலுக்கென்றே அறிவிக்கப்பட்ட பூங்கா. பாறையிடுக்குகளில் கூடுகட்டும் மாடப்புறாக்களால் வந்த பெயர் இது.

நாள் குறிப்பது

மே முதல் செப்டெம்பர் வரைதான் காலம். ஒக்டோபர் பிற்பகுதியில் மாரி தொடங்கிவிட்டால் கிழக்குக் கடல் கலங்கி, அலை எழும்பி நிற்கும். அந்த மாதங்களில் யார் என்ன சொன்னாலும் பிள்ளைகளைக் கொண்டு போகாதீர்கள்.

நல்ல மாதங்களிலும் கச்சான் காற்றைக் கணக்கில் எடுங்கள். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மேற்கிலிருந்து, நிலத்தின் சூட்டையும் அள்ளிக்கொண்டு வீசும் காற்று அது. நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரத் தண்ணீர் தகடு போலத் தெரியும், பார்ப்பவர்கள் கடல் நல்லாயிருக்கிறது என்று நினைப்பார்கள். ஆனால் முகம் கவிழ்த்து மிதக்கும் பிள்ளையை அதே காற்று சத்தமில்லாமல் வெளிக்கடல் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். கீழே மீன் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குத் தான் நகர்வதே தெரியாது. வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும் என்பதால் காலை ஏழரைக்குத் தண்ணீரில் இறங்கி, பத்து மணிக்கு எல்லோரும் கரையில் இருக்குமாறு திட்டமிடுங்கள். அதற்குப் பஸ் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் பாருங்கள். தூரத்துப் பாடசாலை என்றால் முதல்நாளே வந்து திருகோணமலையில் தங்குவதுதான் சரி. இரவு முழுக்கப் பஸ்ஸில் தூங்காமல் வந்த பிள்ளையைக் கடலில் இறக்கக் கூடாது.

போயா நாளையும் வார இறுதியையும் தவிருங்கள். சனம் கூடினால் தண்ணீர் கலங்கும், உங்கள் பிள்ளைகளை மற்றவர்களுக்குள் பிரித்து எண்ணவும் முடியாது. முதல்நாள் மாலை வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவித்தலைப் பாருங்கள். விடிய நிலாவெளிப் படகோட்டியிடமும் கேளுங்கள். இருவரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் போகாதீர்கள். மாற்றுத் தேதியை முதலிலேயே பெற்றோருக்கு அறிவித்து வைத்தால் இந்த முடிவை எடுப்பது சுலபம்.

அனுமதியும் பெற்றோரும்

அதிபரின் ஒப்புதல், வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி, பெற்றோர் கையொப்பம் ஆகியவை வழமையானவை. பெற்றோர் படிவத்தில் மட்டும் சில கேள்விகளைச் சேருங்கள்: ஆஸ்துமா, வலிப்பு, இருதயக் கோளாறு, காதில் சீழ் அல்லது செவிப்பறைக் கிழிவு, எந்த மருந்து எடுக்கிறார், எதற்கு ஒவ்வாமை. வலிப்பு உள்ள பிள்ளையைத் தண்ணீரில் இறக்குவது வைத்தியரின் எழுத்து இல்லாமல் நடக்கவே கூடாது. ஆஸ்துமா உள்ளவரின் இன்ஹேலர் அவருடைய பையில் இல்லாமல், கரையில் நிற்கும் ஆசிரியரின் கையில் இருக்க வேண்டும்.

பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு மணித்தியாலமாவது ஒதுக்குங்கள். கிழக்குக் கரையில் 2004 மார்கழி 26 சுனாமியை மறந்த வீடு இல்லை. பிள்ளை பிறக்கும் முன்பே நடந்ததுதான், ஆனால் அம்மம்மாவின் பயம் பேத்திக்கும் வந்திருக்கும். ஒரு கூட்டத்தில் ஒரு அம்மம்மா எழும்பி, “கடல் எங்களிட்ட எடுத்தது போதும் சேர்” என்றார். நான் பதில் சொல்லவில்லை. பயிற்சி நடந்த நாட்களில் அவரையும் வந்து பார்க்கச் சொன்னேன். இரண்டாம் நாள் பயிற்சியின்போது அவர் கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் இருந்து பேத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். படிவத்தில் கையொப்பமும் வைத்தார். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லும் பெற்றோரை வற்புறுத்தாதீர்கள். தண்ணீரில் இறங்காத பிள்ளைக்கும் கரையில் உண்மையான வேலை இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன். மாதவிடாய் நாளில் வரும் பெண்பிள்ளைகளுக்கும் அந்த வேலை உதவும், யாரும் காரணம் சொல்லத் தேவையிருக்காது.

ஆட்கணக்கு

ஒரு பயணத்துக்கு 24 பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். ஆறு பேராக நான்கு குழுக்கள். ஒரே நேரத்தில் இரண்டு குழுக்கள்தான் தண்ணீரில். ஒவ்வொரு ஆறு பேருக்கும் நீந்தத் தெரிந்த பெரியவர்கள் இருவர், ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். குழுவுக்குள் பிள்ளைகள் இருவர் இருவராகச் சோடி. சோடி கைக்கெட்டும் தூரத்தைவிட்டுப் பிரியக் கூடாது. உயிர்காப்புப் பயிற்சி பெற்ற ஒருவர் மிதவையுடன் தண்ணீரில் இருக்க வேண்டும், அவருக்குப் பிள்ளைகளுக்கு மீன் காட்டும் வேலையைக் கொடுக்காதீர்கள்.

இவர்களுக்கு மேலாக ஒருவர் வேண்டும்: எண்ணுபவர். அவர் தண்ணீரில் இறங்கமாட்டார், படம் எடுக்கமாட்டார், தொலைபேசியைப் பையில் வைத்துவிடுவார். உயரமான பாறையில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டே இருப்பார். நீரில் மூழ்குகிறவர் கத்துவார், கையை ஆட்டுவார் என்று நினைக்கிறோம். உண்மையில் மூச்சுக்குப் போராடும் பிள்ளைக்குக் கத்தக் காற்று இருக்காது. வாய் நீர்மட்டத்தில், தலை பின்னால் சாய்ந்து, உடல் செங்குத்தாக நிற்கும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடக்கூடிய விஷயம் அது. ஸ்நோர்க்கல் போட்டவர் முகம் கவிழ்ந்து அசையாமல் மிதப்பதும் வழமையாகவே தெரியும். அதனால் எண்ணுபவர் தலையை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு பிள்ளையும் கால் அசைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பேசினில் தொடங்கும் பயிற்சி

முதல் நாள் வகுப்பறையிலேயே. மேசையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பேசின், அதில் முக்கால்வாசித் தண்ணீர், பக்கத்தில் மாஸ்க், ஸ்நோர்க்கல், துவாய். மாஸ்க்கைப் பட்டி போடாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல இழுத்தால் அது முகத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கையை எடுத்தாலும் விழக் கூடாது. விழுந்தால் அந்த அளவு அந்த முகத்துக்குப் பொருந்தாது. தலைமயிர் ஒரு இழை உள்ளே மாட்டினாலும் தண்ணீர் வரும், பெண்பிள்ளைகள் முன்மயிரை இழுத்துக் கட்டச் சொல்லுங்கள்.

பிறகு ஸ்நோர்க்கலைப் பல்லால் கடித்து, உதட்டால் மூடி, முகத்தைப் பேசினுக்குள் வைத்து ஒரு நிமிடம். அவ்வளவுதான் பாடம். சிரிப்பும் கூச்சலுமாகத் தொடங்கும். பத்தாவது விநாடியில் பெரும்பாலான பிள்ளைகள் தலையைத் தூக்கிவிடுவார்கள். வாயால் மட்டும் மூச்சு விடுவது உடம்புக்குப் புதிது, முகம் நனைந்ததும் மூச்சை அடக்கு என்று உடம்பே சொல்லும். பக்கத்தில் நின்று முதுகில் கை வைத்து, “ஆறுதலா இழு, அதைவிட ஆறுதலா விடு” என்று சொல்லுங்கள். குழாயின் மேல்வாயில் உங்கள் உள்ளங்கையைப் பிடித்தால் சூடான காற்று வந்து போவது தெரியும். முதலில் முயல் மூச்சுப்போலப் படபடவென்று அடிக்கும், கொஞ்ச நேரத்தில் நீளமாகும். அந்த நீளமான மூச்சு வந்ததும் அந்தப் பிள்ளை பாதித் தூரம் வந்துவிட்டது. குறுகிய மூச்சு ஆபத்தானதும்கூட. குழாய்க்குள் தங்கும் பழைய காற்றையே திரும்பத் திரும்ப இழுக்க நேரும்.

இரண்டாம் நாள் நீச்சல் தடாகம். அது இல்லாத ஊரில் இடுப்பளவு ஆழத்தில் அமைதியான கரையோரத்தைப் பெரியவர்கள் வளையமாக நின்று பயன்படுத்தலாம். இங்கே நான்கு விஷயம்: ஐந்து நிமிடம் கவிழ்ந்து மிதப்பது, குழாய்க்குள் தண்ணீர் வந்தால் “தூ” என்று பலமாக ஊதி வெளியேற்றுவது, மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் தலையைத் தூக்கிக் கீழ்விளிம்பை இழுத்து வடிப்பது, களைத்தால் மல்லாந்து மிதந்து கையைத் தூக்குவது. கடைசி விஷயத்தைத்தான் அதிகம் பழக்க வேண்டும். உதவி கேட்பது வெட்கம் என்று நினைக்கும் பையன்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். ஒவ்வொருவரையும், நன்றாக நீந்துகிறவரையும்தான், இரண்டு தடவை உதவி கேட்க வையுங்கள்.

மூச்சடக்கும் போட்டியை அறவே தடை செய்யுங்கள். வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு மூழ்கினால் மூச்சுத் திணறும் உணர்வு வருவதற்கு முன்பே மயக்கம் வந்துவிடும். நல்ல நீச்சல்காரர்களுக்கு நேரும் விபத்து இது.

மூன்றாம் நாள் கடலில், கரையோரத்தில், முழு உடுப்போடும் உயிர்காப்பு அங்கியோடும் ஒரு ஒத்திகை. இருநூறு மீற்றர் நிற்காமல் மிதந்து போக முடியாத பிள்ளை புறாமலையில் மிதவை வளையத்தைப் பிடித்தபடி பெரியவர் பக்கத்திலேயே வரட்டும். அப்படி வந்தவர்கள்தான் பல தடவை அதிகம் பார்த்தார்கள், அவர்கள் நீந்துவதில் கவனம் சிதறவில்லை.

சாமான்களும் உடுப்பும்

நிலாவெளியில் மாஸ்க்கும் அங்கியும் வாடகைக்குக் கிடைக்கும். பிள்ளைகளின் அளவு போதிய எண்ணிக்கையில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஒருமுறை எங்களுக்குத் தரப்பட்ட அங்கிகளில் பாதிக்கு இடுப்புப்பட்டி அறுந்திருந்தது. அன்று குழுக்களைப் பாதியாக்கி, இரட்டிப்பு நேரம் எடுத்தோம். பயணத்துக்கு முந்தின கிழமையே போய் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அங்கியைப் பூட்டியபின் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கினால் அது காதுவரை ஏறக் கூடாது.

முகம் முழுவதையும் மூடும் மாஸ்க்கைப் பிள்ளைகளுக்கு நான் கொடுப்பதில்லை. பதற்றத்தில் சட்டென்று கழற்ற முடியாது. காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸ் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. தடாகத்தில் அதைப் போட்டுப் பழகாத பிள்ளைக்குக் கடலில் போடாதீர்கள் என்பது என் முடிவு. பின்னால் நீண்டிருக்கும் அந்தத் துடுப்பு எங்கே படுகிறதென்று அவர்களுக்குத் தெரியாது, ஒரு உதையில் பல வருட வளர்ச்சி உடையும். இறங்கும் இடத்தில் கரை முழுக்க உடைந்த முருகைக்கல் கிடப்பதால் தண்ணீர்ச் சப்பாத்து எல்லோருக்கும் வேண்டும்.

நீளக்கை ரீசேட்டும் முழங்காலுக்குக் கீழே வரும் இறுக்கமான கால்சட்டையும் போதும். பருத்திச் சல்வாரும் துப்பட்டாவும் நனைந்தால் கனக்கும், காலைச் சுற்றும். முக்காடு அணியும் பிள்ளைகளுக்கு நீச்சல் தொப்பியுடன் சேர்ந்த முழு உடுப்பு இருக்கிறது, பெற்றோருக்கு முன்கூட்டியே காட்டினால் பிரச்சினை வராது. வெயிலுக்குக் களிம்பைவிடத் துணிதான் நல்லது. சில களிம்புகளில் உள்ள ஒக்சிபென்சோன் முருகைக்கல்லைப் பாதிக்கிறது என்பதால் ஹவாய் மாநிலம் 2021 முதல் அதன் விற்பனையையே தடுத்திருக்கிறது.

மாஸ்க் கண்ணாடியில் ஆவி படிந்து மங்கினால் உள்ளே துப்பித் தேய்த்து ஒரு அலசு அலசுங்கள். பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், ஆனால் இதைவிட நல்ல மருந்து இல்லை.

எதைப் பார்க்கப் போகிறோம்

பெயர் தெரியாத பிள்ளை “நிறைய மீன் பார்த்தேன்” என்றுதான் எழுதும். எட்டுப் பத்துப் பெயர்கள் போதும். அதற்கு ஒரு கடற்றொழிலாளியை வகுப்புக்கு அழையுங்கள். புத்தகத்தில் ‘கடலாமை’ என்று ஒரு சொல்தான் இருக்கும். அவர் பேராமை, அழுங்காமை என்று ஓட்டையும் மூக்கையும் வைத்துப் பிரித்துச் சொல்வார். கிளிமூக்குப் போல வளைந்த வாய் அழுங்காமைக்கு.

முருகைக்கல்லில் இருந்து தொடங்குங்கள். அது கல்லல்ல, ஆயிரக்கணக்கான சிறு விலங்குகள் சேர்ந்து கட்டிய வீடு. அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள்தான் நிறத்தையும் உணவின் பெரும்பகுதியையும் கொடுக்கின்றன. கடல் அளவுக்கு மிஞ்சிச் சூடானால் பாசிகள் வெளியேறும், வெள்ளை எலும்பு தெரியும். 1998இல் இந்தியப் பெருங்கடல் முழுக்க இப்படி நடந்தது. மான்கொம்பு போலக் கிளைவிடும் வகை வருடத்துக்குப் பத்துச் சென்ரிமீற்றர்கூட வளரும். உருண்டைப் பாறை போன்ற வகை வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர்தான். ஒரு மீற்றர் உருண்டையின் மேல் ஏறி நிற்கிறவர் எத்தனை வருடத்தின்மேல் நிற்கிறார் என்று பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

கிளிமீனைக் காதால் தேடலாம். அசையாமல் மிதந்தால் கரக், கரக் என்று யாரோ கற்கண்டு கடிப்பது போல ஒரு சத்தம் கேட்கும். பாறையை மூக்கால் சுரண்டித் தின்னும் சத்தம் அது. தின்ற சுண்ணாம்பு பின்னால் வெள்ளை மணலாக ஒரு புகைபோல விழும். கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகப் பிறந்து, கூட்டத்தில் பெரியதே பெண்ணாக மாறும் என்பதைச் சொல்லிவிட்டால் வகுப்பில் கேள்விகள் நிற்காது.

கறுப்பு முனைச் சுறாவைப் பற்றி ஒளிக்காமல் சொல்லுங்கள். முதுகுத் துடுப்பின் நுனியில் மைதொட்டு வைத்தது போலிருக்கும். புறாமலையின் ஆழமற்ற நீரில் அவற்றைக் காணலாம், பெரும்பாலும் ஒன்றரை மீற்றருக்குள். மனிதரைக் கண்டால் விலகிப் போகும் கூச்சமான விலங்கு. நீருக்குள் எதுவும் மூன்றிலொரு பங்கு பெரிதாகவும் கால்பங்கு கிட்டவாகவும் தெரியும் என்ற ஒளிமுறிவுப் பாடத்தை இங்கே சேர்த்துவிடுங்கள். சுறாவைக் கண்ட பிள்ளை, “இதை மூன்றால் பெருக்கி நான்கால் பிரி” என்று மனதுக்குள் சொன்னால் பயம் பாதியாகும். துரத்தாமல், வழியை மறிக்காமல் இருந்தால் போதும்.

பயப்பட வேண்டியது வேறு இரண்டுக்கு. ஒன்று, கூடுகாக்கும் பெரிய கிளாத்தி மீன். மணலில் குழிபறித்து முட்டையிட்டிருந்தால் நேரே வந்து கடிக்கும். குழிக்கு மேலே நீர்மட்டம்வரை தன் எல்லை என்று அது நினைப்பதால் மேலே எழும்பாமல் பக்கவாட்டில் விலக வேண்டும். மற்றது, விலாங்கு போன்ற அஞ்சாலை மீன் இருக்கும் பொந்து. எந்தப் பொந்துக்குள்ளும் கை விடக் கூடாது.

அன்றைய நாள்

வெறும் வயிற்றில் யாரும் இறங்கக் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. ஆறு மணிக்கு இரண்டு வாழைப்பழமும் பாணும் போதும். அங்கியைக் கரையிலேயே பூட்டி, படகில் இருந்தபடி பயணம், ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணிக்கை. எண்ணுபவரின் எண்ணும் படகோட்டியின் எண்ணும் ஒத்துவராமல் படகு நகரக் கூடாது.

தீவில் இறங்கியதும் முதலில் பெரியவர் இருவர் நீரில் இறங்கி நீரோட்டம் எந்தப் பக்கம் என்று பார்க்கட்டும். எல்லையைக் காட்டும் மிதவைக் கயிறு ஒன்றைக் கொண்டுபோயிருந்தால் கட்டுங்கள், நங்கூரக் கல்லை மணலில் வையுங்கள், முருகைக்கல்லில் அல்ல. குழுவுக்கு இருபது நிமிடம். நீரோட்டத்துக்கு எதிராகத் தொடங்கி அதோடு திரும்புங்கள், களைத்தவர்களைக் கடலே கொண்டுவரும்.

விசில் ஒன்று என்றால் தலையைத் தூக்கு. இரண்டு என்றால் சோடியின் கையைப் பிடி. மூன்று என்றால் கரைக்கு வா. நீருக்குள் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகப் போவதால் எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று காதுக்குத் தெரியாது, அதனால் தலையைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம்தான் முக்கியம். தலையில் கை வைத்துக் காட்டினால் சுகம், கையை நீட்டி ஆட்டினால் உதவி.

நிற்க வேண்டுமென்றால் மணல் தெரியும் இடத்தில் மட்டும். ஆமை மூச்சு வாங்க மேலே வரவேண்டும், அதன் தலைக்கு மேல் வட்டமிடக் கூடாது. மீனுக்குப் பாண் போடக் கூடாது. எதையும் எடுக்கக் கூடாது, செத்த முருகைக்கல் துண்டும் சிப்பியும் உட்பட. பூங்காவுக்குள் அது சட்டப்படி குற்றம்.

கரையில் இருப்பவர்களின் வேலை: நேரம் பார்ப்பவர், காற்றின் திசையும் பலமும் பதிபவர், ஒவ்வொரு குழுவும் வெளியே வந்த இரண்டாம் நிமிடத்தில் கண்டதைக் கேட்டு எழுதுபவர். இந்தக் கடைசி வேலைக்கு எழுத்து நல்ல பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள். ஈரத் தலையோடு நடுங்கிக்கொண்டு சொல்லும் முதல் வார்த்தைகளில் இருக்கும் விவரம், வீட்டுக்குப் போய் எழுதும் கட்டுரையில் இருப்பதில்லை. நடுங்குகிற பிள்ளை மறுபடி இறங்கக் கூடாது, கடல் சூடாக இருந்தாலும் இருபது நிமிடத்தில் ஒல்லியான பிள்ளைகளுக்குக் குளிரும்.

காயம், கடி, கொட்டு

முருகைக்கல் கீறினால் சின்னதென்று விடாதீர்கள், உள்ளே துகள் இருந்து சீழ் பிடிக்கும். நல்ல தண்ணீரால் நிறையக் கழுவி, துகளை அகற்றி, கிருமிநாசினி போடுங்கள். கடல் முள்ளெலியின் முள், சிங்கமீன் அல்லது கல்மீனின் குத்து என்றால் தாங்கக்கூடிய சூட்டில், 45 பாகை செல்சியஸ் அளவுக்கு மேற்படாமல், வெந்நீரில் அரை மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருங்கள். வலி குறையும். அதற்காக இரண்டு பிளாஸ்க் வெந்நீர் கட்டாயம் கொண்டுபோங்கள். சூட்டைப் பெரியவர் தன் கையால் முதலில் பார்க்க வேண்டும். கல்மீன் குத்தென்றால் வெந்நீரோடு நில்லாமல் வைத்தியசாலைக்கும் போக வேண்டும். சொறிமீன் பட்டால் மணலால் தேய்க்காமல் கடல் நீரால் கழுவுங்கள்.

தண்ணீரை விழுங்கி இருமிய பிள்ளையை அன்று மறுபடி இறக்காதீர்கள். இருமல் நிற்காவிட்டால், மூச்சு வாங்கினால் உடனே வைத்தியசாலை. நாடு முழுவதும் இலவச அம்புலன்ஸ் இலக்கம் 1990. தீவில் இருந்து கரைக்கு வரும் பத்து நிமிடமும் உங்கள் பொறுப்பு என்பதால், ஒரு படகு எப்போதும் தீவிலேயே நிற்குமாறு முதலிலேயே பேசி வையுங்கள். படகைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பிறகு அழைக்கும் ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

திரும்பிய பிறகு

நிலாவெளிக் கரையில் இறுதி எண்ணிக்கை, தேசிக்காய்த் தண்ணீர், சோறு. கொண்டுபோன குப்பை அவ்வளவும் திரும்பப் பஸ்ஸில் வரவேண்டும். மாஸ்க்குகளை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காய வையுங்கள், வெயிலில் போட்டால் சிலிக்கோன் இறுகிவிடும்.

அடுத்த நாள் முதற்பாடமே இதுவாக இருக்கட்டும். ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு முருகைக்கல்லை வரைய வேண்டும், நினைவிலிருந்து: அதன் வடிவம், நிறம், வெளுத்த பகுதி இருந்ததா, சுற்றி என்ன நீந்தியது. நாங்கள் இறங்கும் இடத்துக்கு அருகே மாட்டுத்தலை அளவில் ஒரு உருண்டை முருகைக்கல் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஒரு குழு அதைத்தான் வரைகிறது. மேலே தேதி, காற்று, கண்ட மீன்கள். அந்தத் தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு விஞ்ஞான ஆய்வுகூட அலுமாரியில் வைத்திருக்கிறோம். புது வகுப்புப் பயிற்சிக்கு வரும் முதல் நாள், பேசினில் தண்ணீர் நிரப்புவதற்கு முன், அவற்றை மேசையில் வரிசையாகப் பரப்பி வைப்போம்.